தைப்பூசத்தை வகுப்பறைக்குக் கொண்டு வருவது எப்படி? பினாங்கு ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் முடிந்த கையோடு பினாங்குப் பள்ளிகளில் தைப்பூசப் பேச்சு தொடங்கிவிடும். தமிழ்ப்பள்ளி என்றால் பெரிய சிக்கல் இல்லை. தேசியப் பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் வேலை பார்க்கும் தமிழாசிரியரிடம்தான் தலைமையாசிரியர் வந்து, "நீங்களே பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுத்துவிடுங்களேன்" என்பார். அந்த ஆசிரியர்களும், பள்ளியில் உதவிக்கு நிற்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தொடக்கப்பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

தைப்பூசத்தை ஐந்தே வரியில் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது?

தை மாதத்தில் பூச நட்சத்திரமும் முழுநிலவும் சேர்ந்து வருவதையொட்டி முருகனுக்கு எடுக்கும் விழா. தீமையை எதிர்த்துப் போரிட, அன்னை பார்வதி முருகன் கையில் வேல் கொடுத்த நாள் இது என்பது நம்பிக்கை. வேண்டுதல் வைத்தவர்கள் பல நாள் விரதம் இருந்து, பால்குடமோ காவடியோ எடுத்து, மலைக்கோயிலுக்கு நடந்து போவார்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் இலவசமாகத் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பார்கள். பினாங்கில் அன்று பொது விடுமுறை.

இதில் நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். மற்ற இனத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தைப்பூசம் தெரிந்திருப்பதே பந்தலில் வாங்கிக் குடித்த மோராலும் சர்பத்தாலும்தான்.

தேதி ஏன் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறது?

நிலவை வைத்துக் கணக்கிடுவதால். தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். அதற்குள் பௌர்ணமி எப்போது வருகிறதோ அதையொட்டித் தைப்பூசம் வரும். 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் தேதி மாறி வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

எந்தக் கதையைச் சொல்லலாம்? முருகன் கதை நிறைய இருக்கிறதே.

ஒரு வகுப்புக்கு ஒரு கதை போதும். என்னைக் கேட்டால் இடும்பன் கதைதான். பிள்ளைகள் தெருவில் பார்க்கப் போகும் காவடிக்கு நேராகக் கொண்டுபோய்விடும் கதை அதுதான்.

அகத்திய முனிவர் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தெற்கே கொண்டுபோகத் தம் சீடன் இடும்பனை அனுப்புகிறார். இடும்பன் ஒரு நீண்ட தண்டின் இரு முனையிலும் மலைகளைத் தொங்கவிட்டு, பாம்புகளைக் கயிறாகக் கட்டித் தோளில் சுமந்து வருகிறான். பழனிக்குப் பக்கத்தில் களைத்துப்போய் இறக்கி வைக்கிறான். இளைப்பாறிவிட்டுத் தூக்கினால் மலை அசையவில்லை. மேலே பார்த்தால் கையில் தண்டோடு ஒரு சிறுவன் நிற்கிறான், "இது என் மலை" என்கிறான். சண்டை மூள்கிறது, இடும்பன் விழுகிறான். அந்தச் சிறுவன்தான் முருகன். பிறகு முருகனே இடும்பனை எழுப்பி, மலைக்குக் காவலாக வைத்துக்கொள்கிறான். "என்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும்" என்று இடும்பன் கேட்டுக்கொண்டதால்தான் காவடி வந்தது என்பார்கள். இன்றும் பழனி மலைப்படிகளில் பாதி வழியில் இடும்பனுக்குச் சந்நிதி இருக்கிறது.

இதைச் சொல்லும்போது மலை அசையாத இடத்தில் நிறுத்தி, "இப்போது என்ன செய்வான்?" என்று கேளுங்கள். ஆண்டு 2 பிள்ளைகள் கிரேன் முதல் ஹெலிகாப்டர் வரை எல்லாவற்றையும் வரவழைத்துவிடுவார்கள்.

மாம்பழக் கதை சின்ன வகுப்புகளுக்குப் பொருந்தும். முருகன் மயிலேறி உலகைச் சுற்ற, பிள்ளையார் பெற்றோரைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்ட கதை அது. ஆனால் அது முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனதோடு முடியும். "அப்படியென்றால் அப்பா அம்மா செய்தது சரியா?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் மீதி நேரம் அதிலேயே போய்விடும். சூரபத்மனை வென்ற கதை கந்தசஷ்டிக்கு உரியது, ஐப்பசியில் வரும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பெரியவர்களுக்கே குழம்பும்.

செய்துபார்க்க ஏதாவது வேண்டும். காவடி செய்யச் சொல்லலாமா?

செய்யலாம், ஆனால் பால்குடத்திலிருந்து தொடங்குங்கள். காவடி கண்ணை இழுக்கும்; ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போவதில் உள்ள கஷ்டம் அட்டைக் காவடியில் தெரியாது.

ஒரு பித்தளைச் செம்பு கொண்டு வாருங்கள். வீட்டில் இல்லையென்றால் லிட்டில் இந்தியாவில், பினாங்கு ஸ்திரீட் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் ஊற்றி, வாயை மஞ்சள் துணியால் மூடி நூலால் இறுக்கிக் கட்டுவதைப் பிள்ளைகள் கண் முன்னாலேயே செய்யுங்கள். பால்குடம் கட்டுவதும் இப்படித்தான். துணி சரியாக இழுத்துக் கட்டப்படவில்லையென்றால் நடக்க நடக்க ஓரம் நனைந்து, நெற்றியில் சொட்டத் தொடங்கும். பிறகு துணியை எடுத்துவிட்டு, திறந்த செம்பை இரு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு திடலை ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். சிந்தக் கூடாது, ஓடக் கூடாது. முதல் பத்து அடி சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அப்புறம் எல்லாருடைய கண்ணும் தண்ணீரின் விளிம்பிலேயே நின்றுவிடும். திரும்பி வந்ததும், "இப்படியே வெறுங்காலோடு சில மணி நேரம், கூட்டத்துக்குள், கடைசியில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி ஏற வேண்டும்" என்று சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

தலையில் வைக்கச் சொல்ல வேண்டாம். பாலும் வேண்டாம், தண்ணீரே இருக்கட்டும். அப்படியிருந்தால் அது வழிபாடு ஆகாது, எந்த வீட்டுப் பெற்றோரும் ஆட்சேபிக்க இடமிருக்காது.

காவடியைப் பொறுத்தவரை, பிரம்பை அரைவட்டமாக வளைத்து, அடியில் ஒரு தண்டைக் கட்டி, மணிலா அட்டையில் மயிலிறகு வரைந்து ஒட்டச் சொல்லலாம். இரு பக்கமும் சின்னச் செம்பு தொங்கும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், இடும்பனின் இரண்டு மலைகள் அவைதான். செய்து முடித்ததை வகுப்பின் மூலையில் வைத்துப் பார்க்கட்டும். யார் தோளிலாவது ஏற்றி, உருமி மேளத்தைக் கைப்பேசியில் போட்டு ஆடவிடுவது எனக்கு ஒப்பில்லை. அடுத்த வாரம் அதே வகுப்பில் ஒரு மாணவனின் அப்பா உண்மையிலேயே காவடி எடுக்கப் போகிறார் என்றால், அந்தப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பான்?

அலகு குத்துவதை எப்படி விளக்குவது? அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள். செய்தித்தாளில் வரும் படமெல்லாம் அதுதானே. மறைக்க வேண்டாம், அதிலேயே தொடங்கவும் வேண்டாம். மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பால்குடமோ, வெறும் அர்ச்சனைத் தட்டோ ஏந்திப் போகிறவர்கள், அல்லது சும்மா நடந்து போகிறவர்கள். அலகு குத்துவோர் சிலரே. இந்த அளவை முதலில் சொல்லிவிட்டால் மற்றது எளிது.

பிறகு வரும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ஏன் குத்துகிறார்கள்? நோயிலிருந்து பிழைத்ததற்கோ, பிள்ளை பிறந்ததற்கோ நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன். நாக்கில் வேல் இருக்கும்வரை பேச முடியாது, மனமும் முருகனிடமே நிற்கும் என்று பக்தர்கள் சொல்வார்கள். வலிக்காதா? சிலர் வலித்தது என்பார்கள், பலர் தெரியவில்லை என்பார்கள். பக்தர்கள் அதை முருகன் அருள் என்கிறார்கள். மனம் ஒன்றில் ஆழமாகக் குவிந்திருக்கும்போது வலி குறைவாகத் தெரியும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்வார். இரண்டையும் சொல்லிவிட்டு விடுங்கள், எது சரி என்று வகுப்பில் தீர்ப்பு வழங்க வேண்டிய வேலை நமக்கில்லை. யார் குத்துவார்கள்? அனுபவமுள்ள பெரியவர்கள், அதுவும் விரதம் இருந்தவருக்குத்தான்.

சிலருக்கு அருள் வந்து உடல் நடுங்கும், கண் மேலே போகும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாமல் நேரில் பார்க்கும் சின்னப் பிள்ளை பயந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இது பெரியவர்கள் செய்வது, யாரும் விளையாட்டுக்குச் செய்துபார்க்கக் கூடாது. பென்சில் பெட்டியில் கவராயம் வைத்திருக்கும் வயது அது.

முஸ்லிம் மாணவர்கள், கிறிஸ்துவ மாணவர்கள் வகுப்பில் இருந்தால்?

அறிந்துகொள்வது வேறு, வழிபடுவது வேறு. வகுப்பில் முதல் வேலைதான் நடக்கிறது. இதை ஆசிரியர் தம் வாயால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். விபூதி பூசுவது, கற்பூரம் ஏற்றுவது, கைகூப்பச் சொல்வது, "வேல் வேல்" என்று முழங்கச் சொல்வது, எதுவும் வேண்டாம். பொருள்களைப் பார்க்கலாம், தொட விரும்பினால் தொடலாம், கேள்வி கேட்கலாம். வகுப்புக்கு முன்பே என்ன செய்யப் போகிறோம் என்று பெற்றோருக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பிவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

பேச்சில் கவனமாக இருங்கள். "முருகன் வேல் வாங்கினார்" என்பதைவிட "இந்துக்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று தொடங்குவது நல்லது. தமிழ்ப்பள்ளியில் இப்படிப் பேசினால் செயற்கையாக இருக்கும், அங்கே தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் அங்கேயும் கிறிஸ்துவத் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. மொழி நம்முடையது என்பதற்காகச் சடங்கும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வகுப்பில் சாப்பிட என்ன கொடுக்கலாம்?

பஞ்சாமிர்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. நம் ஊரில் பீசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவும் இனிப்பும் கச்சிதமாக இருக்கும். நன்றாக மசித்து, வெல்லத்தூள், தேன், நெய், நறுக்கிய பேரீச்சம்பழம், கற்கண்டு, ஒரு சிட்டிகை ஏலக்காய். அடுப்பு வேண்டாம், கத்தியும் அதிகம் வேண்டாம், பிள்ளைகளே கையுறை போட்டுக்கொண்டு பிசைந்துவிடுவார்கள்.

இரண்டு விஷயம். முதலாவது, இது சாமிக்குப் படைத்தது அல்ல, வகுப்பில் செய்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். படைத்த உணவை உண்ண விரும்பாத குடும்பங்கள் உண்டு, அதனால் கோயில் பிரசாதத்தை வகுப்பில் விநியோகிக்க வேண்டாம். இரண்டாவது, பொட்டலத்தில் வரும் பொருளுக்கு ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள், பாத்திரமும் கரண்டியும் புதிதாக இருக்கட்டும். வேண்டாம் என்கிற பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

வெள்ளி ரதம், தங்க ரதம் என்று இரண்டு ஏன்?

பினாங்குக்கே உரிய கேள்வி. வெள்ளி ரதம் நகரத்தார்களுடையது. வட்டித்தொழில் செய்ய வந்த செட்டியார்கள் 1894-இல் காரைக்குடியில் செய்வித்துக் கப்பலில் கொண்டுவந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து முருகனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, வாட்டர்ஃபால் ரோட்டில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேரும். மாடு பூட்டிய ரதம். தூரம் அதிகமில்லை. ஆனாலும் வழியெல்லாம் அர்ச்சனைக்கு நின்று நின்று போவதால் ஒரு பகல் முழுக்க ஆகும். விழா முடிந்து மறுநாள் திரும்பும்.

தங்க ரதம் 2017-இல் வந்தது. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கொண்டுவந்த இந்த ரதம் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும். அந்தக் கோயில் 1833-இலிருந்து இருப்பது. இதில் முருகனின் வேலாயுதத்தை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலை உச்சியில் உள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போவார்கள். இரண்டு ரதம் வந்த புதிதில் பெரியவர்களிடையே நிறையப் பேச்சு இருந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேண்டாம். ஒன்றில் முருகன், ஒன்றில் வேல் என்று சொன்னால் போதும். ஜார்ஜ் டவுன் வரைபடம் ஒன்றைக் கொடுத்து இரண்டு ரதம் போகும் வழியையும் வெவ்வேறு நிறத்தில் கோடு போடச் சொன்னால் வட்டாரப் பாடமும் நடந்துவிடும்.

தேங்காய் ஏன் இத்தனை உடைக்கிறார்கள்? சீனர்களும் உடைக்கிறார்களே!

ரதம் வரும் வழியைச் சுத்தப்படுத்துவதாக ஒரு விளக்கம். கடினமான ஓடு நம் அகங்காரம், அது உடைந்தால் உள்ளே வெள்ளை மனம் என்று இன்னொரு விளக்கம். பினாங்கில் சீனர்கள் பலர் தாங்களே நேர்ந்துகொண்டு, தேங்காய்களை மலையாகக் குவித்து வைத்து, ரதம் நெருங்கும்போது உடைப்பார்கள். தொழில் நன்றாக நடந்ததற்கு நன்றி, உடல்நலம் தேறியதற்கு நன்றி என்று அவரவருக்கு ஒரு காரணம் இருக்கும். சீனப்பள்ளி வகுப்பில் "உங்கள் வீட்டில் யாராவது உடைத்திருக்கிறார்களா?" என்று கேளுங்கள். கை தூக்கும் பிள்ளையே மீதி வகுப்பை நடத்திவிடும்.

வீணாகிறதே என்று கேட்கும் பிள்ளையும் இருக்கும். நியாயமான கேள்வி. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் உட்படப் பலர், எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று கேட்டு வருகிறார்கள். ஒரு தேங்காய் உடைத்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தான் என்பது என் கருத்து. சாலையில் சிதறியதைப் பின்னாலேயே கூட்டி அள்ளிக்கொண்டு வரும் மாநகர் மன்றத் தொழிலாளர்களையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் வெறுங்காலோடு வருகிறவர்களால் அந்தச் சாலையில் நடக்கவே முடியாது.

மாணவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம், தைப்பூசத்தன்று வேண்டாம். அன்று வாட்டர்ஃபால் ரோடு பக்கம் பேருந்து நுழையவே முடியாது, நாற்பது பிள்ளைகளைக் கூட்டத்தில் எண்ணிக்கொண்டிருக்கவும் முடியாது. ஒன்றிரண்டு வாரம் முன்னதாகப் போங்கள், பந்தல் கட்டும் வேலையும் பார்க்கக் கிடைக்கும். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்மலையின் இன்றைய பெரிய கோயில் 2012-இல் திறக்கப்பட்டது. காலை வெயில் ஏறுமுன் படியேறி இறங்கிவிட வேண்டும். பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா இருப்பதால் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை, சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்திருந்தால் போச்சு. தண்ணீர் புட்டி மட்டும் போதும். சந்நிதிக்குள் வர விரும்பாத பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் வெளியே நிற்கட்டும். கோயிலுக்குள் வரத் தயங்கும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் காரணம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பத்துமலையைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

ஒரு வாக்கியம் சொல்லுங்கள். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும், அங்கே 272 படி, 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. கோலாலம்பூரில் தைப்பூசம் பொது விடுமுறையானது 2008-இல்தான் என்று சொன்னால் பினாங்குப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பெருமை. எந்தப் படிக்கட்டு பெரியது என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு மாணவன் மொட்டையடித்து, சந்தனம் பூசிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் கேலி செய்கிறார்களே?

அவன் வருவதற்கு முன்பே வகுப்புக்குச் சொல்லி வைத்தால் கேலி பாதியாகக் குறையும். முடி இறக்குவதும் நேர்த்திக்கடன்தான், பெரும்பாலும் அது பிள்ளைக்காகப் பெற்றோர் வேண்டிக்கொண்டது. அவனை எழுப்பி நிறுத்தி "ஏன் மொட்டை போட்டாய், சொல்" என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவனே சொல்வான், அதுவும் இடைவேளையில், தன் கூட்டாளியிடம். விரதம் இருக்கும் பிள்ளைக்கு உணவகத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். பல பிள்ளைகள் வாய்திறந்து கேட்காமல் ரொட்டியோடு நாளை ஓட்டிவிடுவார்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்ததுதானே?

கூட்டம் தெரியும், உருமிச் சத்தம் தெரியும், பந்தல் சாப்பாடு தெரியும். இடும்பன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப்பாடம் என்ன கொடுப்பது? கட்டுரையா?

"நான் கண்ட தைப்பூசம்" கட்டுரை வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரி, "மக்கள் கடல்போல் திரண்டனர்" என்றே வரும். அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: நீங்கள் முதலில் தைப்பூசத்துக்குப் போனது எப்படி, நடந்தா, பஸ்ஸிலா? யாருக்காக வேண்டிக்கொண்டீர்கள்? அப்போது இருந்து இப்போது இல்லாதது எது? இந்து அல்லாத பிள்ளைகள் அதே கேள்விகளைத் தங்கள் வீட்டுப் பெருநாளைப் பற்றிக் கேட்டு வரலாம்.

எனக்கு ஒரே ஒரு பாடவேளைதான் தந்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் என்ன செய்வது?

இடும்பன் கதைக்குப் பத்து நிமிடம், செம்பைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்ற பத்து நிமிடம், மீதி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு. ரதம், தேங்காய், பத்துமலை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். செம்புகளை முதல் நாளே எண்ணி எடுத்து வையுங்கள், நாலு பிள்ளைக்கு ஒன்று இருந்தால் சரி.